வளைவில் கடைசி ஆள்

ஜனவரி 8, 1978, ஞாயிறு

ஆர்வில் வீட்டு நிலவறையில் ஆட்டம்: ஆளுக்கொரு பாத்திரம், அதற்கொரு பொம்மை, விதி பகடையில். ஆறு பேருக்கும் சேர்த்து ஒருவன்தான் பேச வேண்டும். "இப்படி நகர்கிறோம்" என்று அவன் சொன்னால் மேசையில் ஆறு ஈயப் பொம்மைகளும் நகரும். சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது. இன்று அந்த வேலை எனக்கு. வாய் பெரிசு என்பதால்.

சுரங்கப் பாதையில் பூதங்கள் வந்தன. "ஓடுங்க" என்றேன். அவ்வளவுதான். அவரவர் வேகத்தில் ஓடினோம். மார்லிஸின் இரும்புக் கவசக்காரன் பாதி தூரம்கூட வரவில்லை. ஆட்டத்தை நடத்தும் ஆர்வில் பகடையை உருட்டினார். செத்தான். மூன்று வருஷமாக அவள் ஆடிய ஆள்.

பொம்மையைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டாள். பனிக்குல்லாவை மாட்டினாள். படியேறிப் போய்விட்டாள்.

ஜனவரி 9

இனி வருவாளா?

ஜனவரி 11

மளிகைக் கடையில் மார்லிஸ். நழுவப் பார்த்தேன். பிடித்துவிட்டாள்.

"எங்க ஓடுற வெண்டல்? அது ஒண்ணுதான் உனக்கு நல்லா வருது."

மன்னிப்புக் கேட்டேன்.

"செத்தது பரவால்லடா. அதுக்குத்தானே பகடை. நீ ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்கல. அதான்."

மேடிசன்ல காலேஜ விட்டு வந்தப்பவும் நான் திரும்பிப் பாக்கல. அது இவளுக்குத் தெரியாது.

ஜனவரி 13

இந்த மேசையில் ஒரு வழக்கம்: அடுத்தவர் ஆளைச் சாகவிட்டவனே மறு வாரமும் பேச வேண்டும். ஆர்விலுக்குப் போன் போட்டு உடம்பு சரியில்லை என்றேன். "ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாயிடும்" என்று வைத்துவிட்டார்.

ஜனவரி 14

நாளைக்கு ஒத்திகை. சமையலறை மேசையில் ஆறு பேருக்குப் பதில் ஆறு பீன்ஸ் கொட்டை. ரொட்டிப் பெட்டியும் சர்க்கரை டப்பாவும் சுவர். இரண்டு பேர் நின்று தடுக்க, நான்கு பேர் பின்வாங்க வேண்டும். பிறகு மாற்றி மாற்றி. எல்லாரும் மெதுவானவன் வேகத்தில்தான். நேர்ப் பாதையில் சரியாக வருகிறது. வளைவில்தான் ஒருவனுக்கு மட்டும் இடம். கடைசிக் கொட்டை மாட்டிக்கொள்கிறது. பதினோரு தடவை வைத்துப் பார்த்தேன். பதினோரு தடவையும்.

யார அங்க நிறுத்துவேன்? அத எந்த வாயால சொல்லுவேன்?

ஜனவரி 15, ஞாயிறு

மார்லிஸ் வந்தாள். புது ஆளோடு. ஒரு நொண்டிக் கிழ வைத்தியர்.

"மறுபடியும் மெதுவானவரத்தான் கூட்டிட்டு வந்திருக்கேன். பாக்கலாம்" என்றாள்.

அதே பாதை, அதே பூதங்கள். வைத்தியர் நடைக்கு எல்லாரையும் நடக்கவைத்தேன். இரண்டிரண்டு பேராகத் தடுத்து நின்றோம். வளைவு வந்தது.

"கடைசியா யாரு?" ஆர்வில் கேட்டார்.

எல்லாரும் தங்கள் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என் ஆளு." குரல் கீச்சென்று வந்தது. எதிரே ஆடிக்கொண்டிருந்த லைல் சிரித்தான். பகடை உருண்டதும் நிறுத்திவிட்டான்.

ஐந்து பேர் வெளியே. என் ஆள் வளைவிலேயே.

ஜனவரி 16

செத்தவனுக்குப் பதில் எனக்கு ஒரு புது ஆளை எழுத வேண்டும். தாள் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

காலையில் வேலைக்குப் போகிற வழியில் மார்லிஸ் கதவைத் தட்டினாள். கைக்குட்டையை என் கையில் வைத்தாள். உள்ளே அந்த இரும்புக் கவசக்காரன் பொம்மை, என் புது ஆளுக்கு.

"இவன் மெதுவாத்தான் நடப்பான். தெரியும்ல?"

இந்தத் தடவை நான் சாகவிட்டது என் ஆளைத்தான், அதனால் வழக்கம் என்னைப் பிடிக்காது. அடுத்த ஞாயிறு எல்லாருக்கும் பேசப்போவது அவள்.