பெடலா, ஆம்ப்ளிஃபையரா?

ஜூன் 3

கோபக்காரிக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்று நீ அடம்பிடிப்பதால், கடையில் மூக்குக்கண்ணாடி பவர் எழுதிக் கொடுக்கும் சீட்டில் இதை எழுதுகிறேன். நலம். என் சமையலை நானே சாப்பிட்டும் நலம்.

நீ அக்கா வீட்டுக்குப் போன அன்று சாயங்காலமே, கிட்டார் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிற நம் ஆம்ப்ளிஃபையர் புகைவிட்டுச் செத்துப்போனது. "அதுக்கும் உன்மேல கோவம்தான்" என்கிறார் நம் குழுவில் கீபோர்டு வாசிக்கும் பேக்கரிக்காரர். புது ஆம்ப்ளிஃபையர் வாங்க வேண்டும், இல்லையென்றால் மல்டி எஃபெக்ட்ஸ் பெடல். இரண்டையும் சேர்த்து வாங்க வக்கில்லை. பெடல் என்பது காலடியில் வைக்கிற பெட்டி. ஒரு மிதிக்குக் கிட்டார் குகைக்குள் இருந்து கேட்கும், இன்னொரு மிதிக்கு உறுமும். ஹெட்போன் மாட்டிக்கொண்டால் வெளியே பொட்டுச் சத்தம் வராது. உனக்குச் சத்தம்தானே தொல்லை? பெடலே வாங்கிவிடுகிறேன். வந்துவிடு, தாயே.

உன் கண்ணாடிக்கடைக்காரன்

ஜூன் 7

மகா மேதைக்கு,

நானும் நலம். அக்கா வீட்டுத் திரைச்சீலை, தலையணை உறை எல்லாம் தைத்தாயிற்று. இனி தைக்க அவள் வாய்தான் பாக்கி.

சத்தம் தொல்லை என்று நான் எப்போது சொன்னேன்? கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தச் சத்தத்துக்குத்தான் தையல் மெஷினை மிதிக்கிறேன். அன்று உங்கள் குழுவோடு ஆசையாக நானும் பாடினேன். பாதியில் கிட்டாரை நிறுத்திவிட்டு, "சுருதியே சேரலை, நீ போய் உன் வேலையைப் பாரு" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த வீட்டில் இனி வாயைத் திறந்து பாட முடியாதென்றால், நான் இங்கேயே இருந்துகொள்கிறேன். பெடலோ கிடலோ, எதை வேண்டுமானாலும் வாங்குங்கள்.

இப்படிக்கு,
சுருதி சேராதவள்

ஜூன் 12

என் ராசாத்திக்கு,

உன் கடிதம் வருவதற்குள் அவசரக்குடுக்கையாகப் பெடலை வாங்கிவிட்டேன். பிடிக்காவிட்டால் மாதக் கடைசிக்குள் மாற்றிக்கொள்ளலாமாம். அதில் சுருதி பார்க்கிற விளக்கு ஒன்று இருக்கிறது. நான்தான் காதாலேயே சுருதி சேர்ப்பேன் என்று பீற்றிக்கொள்கிற ஆளாயிற்றே, சும்மா மிதித்துப் பார்த்தேன். மூன்றாவது கம்பிக்குச் சிவப்பு எரிகிறது, சுருதி விலகியிருக்கிறதாம்! நீ போனதிலிருந்து ஒரு கம்பியையும் நான் முறுக்கவேயில்லை. அப்படியென்றால் அன்றைக்கே விலகியிருந்ததா?

நேரே பேக்கரிக்குப் போனேன். மனுஷன் மாவுக் கையோடு சிரிக்கிறார். "அவங்க கீபோர்டோட கச்சிதமா சேர்ந்துதான்யா பாடினாங்க. விலகிப்போனது நீ. அது தெரியாம அவங்களை விரட்டினியே, அதுக்குத்தான் சிரிச்சோம்."

முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தப்பு என்னுடையது, மன்னித்துவிடு. நீ பாடாத வீட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கிறது. பெடலை வைத்துக்கொள்ளவா, மாற்றவா? நீ சொல்கிறபடி.

உன் அசடு

ஜூன் 15

அசட்டுக்கு,

உங்கள் கடிதத்தை அக்காவுக்குச் சத்தம்போட்டுப் படித்துக் காட்டினேன். பேக்கரிக்காரர் சொன்ன இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப. "போதும்டி, பெட்டியைக் கட்டு" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

பெடலைக் கொடுத்துவிட்டு ஆம்ப்ளிஃபையரே வாங்குங்கள். கிட்டாரோடு மைக்கும் செருகுகிற மாதிரி பார்த்து வாங்குங்கள். சனிக்கிழமை வருகிறேன். அன்று சிரித்தவர்கள் அத்தனை பேரையும் வரச் சொல்லுங்கள். சுருதி பார்க்கிற விளக்கு போய்விடுமே என்று கவலைப்படாதீர்கள். கம்பி விலகினால் நான் மைக்கிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் பாட்டுக்காரி