மீட்டருக்கு மூக்கு இல்லை

3.6.2005, வெள்ளி. ஜுபைல் கேம்ப், சவூதி

இன்றும் குளித்த பிறகு உடம்பில் அந்த நாற்றம். சோப்பை இரண்டு தடவை போட்டும் போகவில்லை. டீயில் அதே வாடை, சோற்றில் அதே வாடை. புதன்கிழமை வந்த டேங்கர் லாரித் தண்ணீர்தான். பக்கத்துக் கட்டில் வைரவனுக்கு மூன்று நாளாக வாந்தி. பைப் ஃபிட்டர், கொதிக்கிற வெயிலில் நிற்பவன், தண்ணீர் குடிக்காமல் எப்படி இருப்பான்? "தண்ணியப் பாத்தாலே கொமட்டுதுண்ணே" என்கிறான்.

பிளாண்ட் லேபில் நாள் முழுக்க பாய்லர் தண்ணீரைச் சோதிக்கிறேன். பாய்லருக்கு உள்ள மரியாதை எங்கள் வயிற்றுக்கு இல்லை. தூ.

5.6.2005

கேம்ப் பாஸ் ஹசன் அலியிடம் சொன்னேன். "எல்லா கேம்ப்லயும் இதே தண்ணிதான் தம்பி" என்றார். அவர் மேஜையில் பாட்டில் தண்ணீர்.

10.6.2005, வெள்ளி

நானே காய்ச்சி வடித்துவிட்டேன். குக்கரின் வெயிட்டை எடுத்துவிட்டு, அந்த வாயில் ஏ.சி. மெக்கானிக் தந்த செம்புக் குழாய். குழாய் ஐஸ் வாளிக்குள் சுற்றி வெளியே வருகிறது. சொட்டுச் சொட்டாக ஒரு டம்ளர் சேர முக்கால் மணி நேரம்.

லேபில் ஒதுக்கிப்போட்ட பழைய கண்டக்டிவிட்டி மீட்டரைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். தண்ணீரில் உப்பு எவ்வளவு கரைந்திருக்கிறதோ அவ்வளவு மின்சாரம் பாயும். எண் குறையக் குறையச் சுத்தம். டேங்க் தண்ணீர் 310. என் முதல் டம்ளர் 46 — குக்கரில் பருப்பு மிச்சம். தேய்த்துக் கழுவி வடித்தேன், 9. மறுபடியும் வடித்தேன், 2.4!

அதற்குள் ஹசன் அலி உள்ளே வந்துவிட்டார். "என்னப்பா இது, சரக்கு காய்ச்சுறியா? போலீஸ் வந்தா உன்னோட சேத்து என்னையும் தூக்கிருவான்." மீட்டரைத் தண்ணீரில் விட்டுக் காட்டினேன். சிரித்தார். ஆனால் மீட்டரை ரொம்ப நேரம் பார்த்தார்.

வைரவனுக்கு ஒரு பாட்டில் நிறையக் கொடுத்தேன். இனித் தினமும் ராத்திரி அவனுக்கு வடித்துவிட வேண்டும். லேசாக வாடை இருந்தது. குக்கரின் ரப்பர் வளையமாக இருக்கும்.

13.6.2005

ஹசன் அலி கூப்பிட்டனுப்பினார். "தண்ணி சரியில்லன்னு பேச்சு ஆபீஸ் வரைக்கும் போயிருச்சு. நீ லேப்காரன், நீ எழுதிக் குடுத்தா கேப்பாங்க. டேங்க் தண்ணிய உன் மீட்டர்ல அளந்து எழுது." அளந்தேன், அதே 310. குடிநீருக்கான எல்லைக்குள்தான் இருக்கிறது. 'குடிக்க உகந்தது' என்ற வரியை அவரே டைப் அடித்து வைத்திருந்தார்.

கையெழுத்துப் போட்டேன். எண் பொய்யில்லையே? பிறகு ஏன் நேரே போய்க் கை கழுவினேன்? அதுவும் அதே தண்ணீரில்.

14.6.2005

நோட்டீஸ் போர்டில் அந்த ரிப்போர்ட், கீழே என் பெயர். சாப்பாட்டு ஹாலில் ஒருவரும் என்னோடு பேசவில்லை.

17.6.2005, வெள்ளி

நேற்று சாயங்காலம் வைரவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். குடலே வெளியே வந்துவிடும் போல வாந்தி. ஒரு வாரமாக நான் வடித்த தண்ணீரைத் தவிர வேறெதுவும் குடிக்காதவனுக்கு ஏன்?

இன்று அவனுக்குக் கொண்டுபோக இன்னும் கவனமாக வடித்தேன். மீட்டர் 1.8. டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தேன் — மேலே வானவில் மாதிரி ஒரு படலம். விரலால் தொட்டேன், வழவழப்பு. மோந்தேன். டீசல்.

அட மடையா! எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது. ஆவியோடு சேர்ந்து ஏறி, ஆவியோடு சேர்ந்தே இறங்கும். எவ்வளவு டீசல ஊத்துனாலும் இந்த மீட்டர் சுத்தம்னுதான் சொல்லும். படிச்சவன்தானே நீ? முந்தி டீசல் அடிச்ச லாரியிலதான் தண்ணி அடிக்கிறானுங்க. வாடை வந்தும் ரப்பர் வளையம்னு சொல்லிக்கிட்டேனே. "இது நல்ல தண்ணிடா, தைரியமா குடி"ன்னு நான்தான் அவன் வாயில ஊத்துனேன்.

என்னை நினைத்தாலே குமட்டுகிறது.

18.6.2005

ரிப்போர்ட்டைத் திருப்பிக் கேட்டேன். "கலாஸ் தம்பி, முடிஞ்சுபோச்சு, ஃபைல் போயிருச்சு. உனக்கு அடுத்த மாசம் லீவு வருதுல்ல? வாய மூடிக்கிட்டு ஊருக்குப் போயிட்டு வா" என்றார் ஹசன் அலி.

19.6.2005

ஆஸ்பத்திரி. வைரவனுக்கு டிரிப்ஸ் ஏறுகிறது. எல்லாவற்றையும் சொன்னேன். "உங்க மேல கோவமில்லண்ணே. ஆனா இனிமே நீங்க எது குடுத்தாலும் குடிக்க மாட்டேன்." சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

20.6.2005

டியூட்டிக்குப் போகுமுன் போர்டில் என் கையெழுத்துக்குக் கீழே எழுதினேன்: 'இந்த மீட்டர் உப்பை மட்டுமே பார்க்கும். தண்ணீரில் டீசல் இருக்கிறது. குடிக்காதீர்கள். நான் கையெழுத்துப் போட்டது தப்பு — பன்னீர்செல்வம்.' எதிர் ரூம் பீகார்க்காரர் அதையே ஹிந்தியில் எழுதித் தந்தார்.

21.6.2005

வேலைக்குப் போக ஒருவரும் பஸ் ஏறவில்லை. பத்து மணிக்கு ஆபீஸிலிருந்து மேனேஜர் வந்தார். டேங்க் தண்ணீரை டம்ளரில் பிடித்து நீட்டினார்கள். மூக்கருகே கொண்டுபோனவர் அப்படியே கீழே வைத்துவிட்டார்.

23.6.2005

லாரியை மாற்றிவிட்டார்கள். டேங்கையும் கழுவினார்கள். சுவரிலிருந்து கறுப்பாக, மாட்டுச் சாணி பதத்தில் வழித்து வழித்துப் போட்டார்கள். அதன் மேல் நின்ற தண்ணீரைத்தான் இத்தனை நாள் குடித்தோம். பார்க்கமுடியாமல் வந்துவிட்டேன்.

எனக்கு இனி லேப் கிடையாது. அடுத்த மாதம் முதல் பாலைவன சைட்டில் ஸ்காஃபோல்டிங் ஸ்டோர், சாரக் கம்பி எண்ணும் வேலை. லீவு ரத்து. ஊருக்குப் போன் போட்டுக் கனகாவிடம் சொன்னேன். "ஊர்ல இருக்குற அம்புட்டுப் பேருக்கும் நீங்க ஒருத்தர்தான் நாயம் கேக்கணுமா? புள்ள அப்பா வர்ற நாள எண்ணிக்கிட்டு இருக்கா" என்றாள். பிறகு, "அந்த வைரவன் தம்பி எந்திரிச்சிருச்சா?"

15.7.2005, வெள்ளி. சைட் கேம்ப்

நேற்றுதான் இங்கே மாற்றினார்கள். நான் வந்த பிறகு முதல் டேங்கர் இன்று வந்தது. எனக்கு முன்னாலேயே என் கதை வந்து சேர்ந்திருக்கிறது. கேன்களை வரிசையாக வைத்துவிட்டு, ஒருவரும் குழாயைத் திறக்காமல் நின்றார்கள். ஃபோர்மேன் யூசுப் பாய் ஒரு டம்ளர் பிடித்து என் கையில் கொடுத்தார்.

மோந்து பார்த்தேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். குளோரின் வாடை மட்டும்தான். "குடிக்கலாம்" என்றேன்.

யாரும் அசையவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது.

டம்ளரை முழுவதும் குடித்துவிட்டுக் கவிழ்த்துக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் முதல் கேன் நகர்ந்தது.