ராசாத்தியின் பெட்டிக்கு ஒரு செடி

நாள் 3 – 07:10

வெப்பம் 24. ஈரப்பதம் 71. காற்றைச் சுவாசிக்கலாம்.

இதை எடுத்துப் படிப்பவருக்கு: நான் கோமதி, தாவரவியலாளர். மேலே சுற்றிக்கொண்டிருக்கும் கப்பலிலிருந்து முதலில் இறக்கப்பட்டவள். துணைக்கு ஒரு பல்லி. பெயர் ராசாத்தி. கப்பலில் என் தங்கை வடிவு செல்லமாக வளர்த்தது.

இந்த மண்ணின் செடிகளோடு ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ராசாத்தி நாற்பது நாள் நலமாக இருந்தால், கப்பலில் உள்ள இருநூறு பேரும் இறங்குவார்கள். இல்லாவிட்டால் கப்பல் அடுத்த கோளுக்குப் போய்விடும். இறங்கும் கலத்தால் மறுபடி ஏற முடியாது. அதனால் நான் எப்படியும் இங்கேதான்.

கொண்டுவந்த மணிபிளாண்ட் தண்டுகள் அழுகிவிட்டன. பெரணியும். இங்கே முளைப்பதிலிருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நாள் 9 – 16:40

முள் கூடாது. பால் வடியக் கூடாது. இலை பல்லியின் எடையைத் தாங்க வேண்டும். வேர்மண்ணைக் கழுவி, ஒரு வாரம் தனியே வைத்துப் பூஞ்சை பார்க்க வேண்டும். பல்லி இலை தின்னாது என்று அலட்சியமாக விட முடியாது. அவள் தீனிக்குக் கொண்டுவந்த சுவர்க்கோழிப் பூச்சிகள் இலையைத் தின்னும், அவற்றைப் பல்லி தின்னும்.

ஓடைக்கரைக் கொடி: நீக்கம். பால் பட்டு என் விரல் கொப்பளித்துவிட்டது.

பாறைச் செடி: நீக்கம். அதைத் தின்ற சுவர்க்கோழிகள் மறுநாள் மல்லாந்து கிடந்தன.

மூன்றாவது, நான் தங்கியிருக்கும் குடிலைச் சுற்றி எங்கும் இருப்பது. அகல இலை. ஒவ்வொரு இலையும் அடியில் மடிந்து ஒரு கிண்ணியாகித் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. முள் இல்லை, பால் இல்லை. தின்ற பூச்சிகள் துள்ளுகின்றன. கிண்ணிச்செடி என்று பெயர் வைத்தேன். வெளியே ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. பெட்டிக்கு ஒரு கன்று போதும்.

நாள் 17 – 11:05

கன்றை நட்டாயிற்று. ராசாத்தி ஏறிவிட்டாள். கிண்ணியில் தண்ணீர் நக்குகிறாள். பெட்டியை வானொலிக் கருவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அதன் சூடு அவளுக்கு வேண்டும். கருவி, பக்கத்தில் குரல் கேட்டால் தானே மேலே அனுப்பத் தொடங்கும் வகை.

கப்பல் தலைக்கு மேல் வந்தபோது:

"எக்கா, எம் பிள்ள சாப்பிட்டாளா?"

"ரெண்டு பூச்சி. ஒன்னைய மாதிரி வம்பு பண்ணல."

"நீ சாப்பிட்டியா?"

"ம்."

"பொய் சொல்லுத. கொரலே சரியில்ல."

"அப்போ வந்து சமைச்சுப் போடு. ஏட்டி, சீக்கிரம் வாட்டி."

கப்பல் கடந்ததும் சத்தம் நின்றுவிட்டது. இந்த இடத்தில் காற்று வீசும்போது இலைகள் உரசுவதில்லை. இப்போதுதான் கவனித்தேன்.

நாள் 24 – 11:20

ராசாத்தியின் எடை கூடியிருக்கிறது. தோல் உரிக்கும் நிறம் வந்திருக்கிறது. ஒளிந்துகொள்வாள்.

இன்று கப்பல் தலைவர் சுடலைமணி பேசினார். எல்லோரும் கூடி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கோமதியம்மா, எறங்கலாமா? ஒரு வார்த்த சொல்லுங்க, கலத்தப் பிரிச்சிருதோம்."

"எறங்கலாம்னுதான் தோணுது. ஆனா இன்னும் நாள் இருக்கு சார்..."

பெட்டிக்குள்ளிருந்து உச்சுக் கொட்டும் சத்தம். மூன்று முறை, தெளிவாக.

"ஏ, பல்லி சொல்லிட்டு! கேட்டீங்களாடே?"

மேலே இருநூறு பேரும் மேசையை விரலால் தட்டுகிற சத்தம் ஒலிபெருக்கியில் மழை மாதிரி விழுந்தது.

"அது எல்லாத்துக்குந்தான் சொல்லும் சார்."

"நேரங்கெட்ட நேரத்துல பல்லி சொல்லாதும்மா. இனி ஒங்க வார்த்ததான் பாக்கி."

பல்கலைக்கழகத்தில் ஆறு வருடம் படித்தவள் நான். என் விரலும் மேசையைத் தட்டியிருந்தது.

நாள் 29 – 09:30

நாலைந்து நாளாக ராசாத்தியைப் பார்க்கவில்லை. சத்தம் மட்டும் கேட்கிறது. நான் பேசினால் உச்சுக் கொட்டுகிறாள். இருமினாலும்.

போட்ட சுவர்க்கோழிகள் அப்படியே இருக்கின்றன.

இதற்கு முன் அவள் இவ்வளவு பேசியதில்லை.

நாள் 30 – 08:15

இலைகளை ஒவ்வொன்றாக விலக்கினேன். ஒரு கிண்ணியின் வாய் மூடியிருந்தது. கத்தியால் பிளந்தேன். தோல். தாடை எலும்பு. வால் நுனி கரையாமல் கிடந்தது.

கையில் அதை வைத்துக்கொண்டு நின்றேன். பெட்டிக்குள் உச்சுக் கொட்டும் சத்தம். அடுத்த கிண்ணியின் விளிம்பு துடிக்கிறது. அங்கிருந்துதான் வருகிறது.

அந்தந்த உயிரை அந்தந்த உயிரின் குரலில் கூப்பிடுகிறது. வந்ததும் மூடிக்கொள்கிறது.

ராசாத்தி எந்தக் குரலைக் கேட்டு அதற்குள் போனாள்? இங்கே அவள் இனத்தில் வேறு யாரும் இல்லை. தன் குரலே தனக்குத் துணை என்று நினைத்திருப்பாள்.

செடியை வெட்டவில்லை. மேலே இருப்பவர்களுக்குச் சாட்சி வேண்டும். கப்பல் வர இன்னும் மூன்று மணி நேரம். அதற்குள் வெளியே நிற்கும் பெரியவற்றின் கிண்ணிகளை அளந்து வர வேண்டும்.

நாள் 30 – 11:50

அளந்து முடிப்பதற்குள் கப்பல் வரும் நேரம் தாண்டிவிட்டது. கிண்ணிகளுக்குள் ஓர் ஆள் உட்காரலாம். அடியில் தண்ணீர் இல்லை. வேறு ஏதோ.

குடிலின் சுவரை ஒட்டி நிற்கும் செடியைக் கடந்தபோது பின்னாலிருந்து,

"எக்கா."

வடிவின் குரல். அந்த மூக்கடைப்புகூட. எனக்குத் தெரியும் அது என்ன என்று. காலையில்தான் எழுதி வைத்தேன். இருந்தும் இரண்டடி எடுத்து வைத்துவிட்டேன். மூன்றாவது அடிக்கு முன் என் உள்ளங்கையை நானே கடித்தேன்.

முப்பது நாளாக ஒலிபெருக்கி பேசியதை எல்லாம் அவை சுவருக்கு வெளியே நின்று கேட்டிருக்கின்றன.

ஓடி உள்ளே வந்தேன். வானொலியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. அனுப்புகிறது. உள்ளே யாருமில்லை.

வடிவு பேசிக்கொண்டிருந்தாள்:

"...சரிக்கா, சரி. எத்தன தடவ எறங்கலாம் எறங்கலாம்னு சொல்லுவ? பிரிஞ்சாச்சு. எல்லாரும் கலத்துலதான் இருக்கோம். கேக்குதா?"

கலம் கப்பலிலிருந்து பிரிந்துவிட்டது. திரும்ப ஏற முடியாது.

நாள் 30 – மணி பார்க்கவில்லை

கத்தினேன். "எறங்காதட்டி. காட்டுப் பக்கம் வராத. வடக்க கல்வெளி இருக்கு, அங்க திருப்பச் சொல்லு."

பெட்டிக்குள்ளிருந்து என் குரல், நிதானமாக: "எறங்கலாம்னுதான் தோணுது."

"எக்கா, ஒரே நேரத்துல ரெண்டு மாதிரி சொல்லுத. வெளையாடாத. சார் கேக்காரு, எங்க எறங்க?"

பெட்டியை உடைத்தேன். செடியைப் பிய்த்தேன். வேரோடு. கையெல்லாம் வெட்டு. கிண்ணிகளை ஒவ்வொன்றாக மிதித்தேன். கடைசி ஒன்று மிதிபடும்வரை "வாட்டி" என்றது.

மறுபடி கருவியிடம் போய்க் கல்வெளி என்றேன். கல்வெளி, கல்வெளி.

சுவருக்கு வெளியிலிருந்து காடு முழுவதும் என் குரலில் பேச ஆரம்பித்தது. கருவி அதையும் அனுப்புகிறது. சுடலைமணி யாரிடமோ, "என்னடே இது, அந்தம்மாவுக்குப் புத்தி பெரண்டு போச்சா? பழைய எடத்துலயே எறக்கு" என்றது கேட்டது.

கருவியின் கம்பியை அறுத்துவிட்டேன்.

கடைசி

ஜன்னலில் கலத்தின் வெளிச்சம். மேகத்துக்குக் கீழே வந்துவிட்டது. மரங்களின் உயரம்தான் பாக்கி.

கதவு திறந்ததும் வடிவுதான் முதலில் குதிப்பாள். எப்போதும் அப்படித்தான். என்னைத் தேடுவாள்.

நான் கூப்பிட்டால், இத்தனை குரல்களில் எது நான் என்று அவளுக்குத் தெரியாது. அதனால் கூப்பிடப் போவதில்லை. துணியில் தீ வைத்து ஆட்டிக்கொண்டு, வாயைத் திறக்காமல் ஓடப் போகிறேன். கூப்பிடாமல் வருகிறவள்தான் அக்கா என்று அவளுக்குத் தோன்ற வேண்டும். தோன்றுமா?

இதைப் படிப்பவரே. வெளியே யார் உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் போகாதீர்கள். அது நானாக இருந்தாலும்.

கலம் தரையைத் தொட்டுவிட்டது. நிலம் அதிர்கிறது.

இப்போதே கூப்பிடுகின்றன. என் குரல்தான். நான் அவளை ஒருநாளும் இவ்வளவு அன்பாகக் கூப்பிட்டதில்