எரிந்த காட்டுக்குக் காவல்

வைகாசி 6, புதன்
காலையிலேயே அனல். கரண்ட் இல்லை. சவரம் பாதியில்.

மாலை கோயில் காட்டுக் கூட்டம். கோடையில் எரிந்த அய்யனார் காட்டை மீட்க ஊரே வந்திருந்தது. எப்படி மீட்பதாம்? ஜேசிபி வைத்துக் கருகிய கட்டைகளைப் பிடுங்கி, மட்டம் தட்டி, வரிசையாகக் கன்று நடுவதாம். தலைவர், என் சித்தப்பா மகன் சேது. எனக்கு வரவேண்டிய கோயில் மரியாதையைப் பறித்துக்கொண்டவன். அதிலிருந்து பேச்சில்லை.

கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன்: வேர் சாகவில்லை. வீரை மரக் கட்டை ஒரு மழைக்குத் துளிர்க்கும். ஆடு நுழையாமல் காத்தால் போதும். கல்லூரியில் தாவரவியல் நடத்தியவன் நான். பின்னாலிருந்து ஒரு குரல்:

"பந்தியில பாயாசம் பத்தலைன்னு கலெக்டருக்கு மனு போட்டவுகளாச்சே!"

சிரிப்பு. வெள்ளியன்று ஜேசிபி.

வைகாசி 7, வியாழன்
ஜேசிபியைத் தடுக்க மனுவோடு சாக்கோட்டை போனேன். அதிகாரி இல்லை. பஸ்ஸில் இடமும் இல்லை. வாங்கியது: பேனா ரீஃபில், ஆட்டுக்கு நீலக் கயிறு. மறந்தது: வீட்டுக்காரியின் மாத்திரை.

வேறு வழியின்றிப் பூசாரியிடம் போய் நானே கேட்டேன், பூக்கட்டிப் பார்க்கலாமா என்று. காலமெல்லாம் கேலி செய்த காரியம்.

வைகாசி 8, வெள்ளி
ஜேசிபி ரோட்டில் உறுமிக்கொண்டிருக்க, அய்யனார் முன் இரண்டு பொட்டலம். சிவப்புப் பூ வந்தால் பிடுங்குவது. வெள்ளை என்றால் விட்டுவைப்பது. ஒரு சிறுமி எடுத்தாள். வெள்ளை. என் கை தானாகக் கும்பிட்டது. வெட்கக்கேடு.

"சாமி சொல்லிருச்சுப்பா!"

நான் சொன்னபோது காது எங்கே போயிருந்ததோ.

சேது என்னைப் பார்க்காமல் சொன்னான்: "அப்ப ஆட்டை யாரு மறிக்கிறது? பூக் கேட்டவுகதான் காக்கணும்."

காவல் என் தலையில். ஆடு நுழைந்தால் ஆட்டுக்காரர் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் துண்டை இடுப்பில் கட்டி மன்னிப்புக் கேட்க வேண்டும். அந்த விதி மட்டும் நான் போட்டது.

வைகாசி 24, ஞாயிறு
போன வார மழைக்குத் துளிர். கட்டைக்குக் கட்டை. எண்ணவில்லை. கண் பட்டுவிடும். நானா இப்படி எழுதுகிறேன்?

முந்தாநாள் இரண்டு பேரை மன்னிப்புக் கேட்க வைத்தேன். ஒருவன் முணுமுணுத்தான்: "இவுக ஆடு மேஞ்சா இவுக நிப்பாகளாக்கும்?"

நிற்பேன் என்றேன். உரக்க.

வைகாசி 26, செவ்வாய்
புழுக்கம். பல்வலி.

விடிந்ததும் காட்டுக்குள் ஆடு. ஒரு கட்டையில் துளிர் மொத்தமும் போச்சு. கழுத்தில் நீலக் கயிறு. எங்கள் வீட்டு ஆடு.

பின்னால் சேது. எவ்வளவு நேரமாக நின்றானோ.

"இங்குட்டுக் குடுங்கண்ணே."

"எதை?"

"கயித்தைத்தான். என் ஆடுன்னு சொல்லிக்கிறேன். காவக்காரவுகளே போய் நின்னீகன்னா, நாளைக்கு ஊரு ஆடு பூரா உள்ளதான் நிக்கும். அப்பறம் காடு ஏது?"

இழுத்துக்கொண்டு போய்விட்டான். கயிற்றைக் கொடுத்தது நான்தான். வெள்ளிக்கிழமை அவன் கைகட்டி நிற்பான். எதிரே நின்று நான் விசாரிக்க வேண்டும். மரியாதையைப் பறித்தான், சரி. அவமரியாதையையும் அவனே கொண்டுபோவதா?

இவள் வாசலிலிருந்து: "ஏங்க, ஊரு ஆட்டையெல்லாம் பாக்குறீக, நம்ம ஆட்டைப் பாத்தீகளா?"

சேது வீட்டுக் கொல்லையில் கத்திக்கொண்டிருக்கிறது. இங்கே வரை கேட்கிறது.