உனக்கும் சேர்த்து வறுத்த தூள்

நேற்றுக் காலை கராஜுக்குள் தூள் வறுத்தேன். குசினிக்குள் வறுத்தால் ஸ்மோக் அலாரம் கத்தும் என்று நீ கண்டுபிடித்துத் தந்த வழிதான்: கராஜ் கதவைப் பாதி தூக்கிவிட்டு, காஸ் அடுப்பை நிலத்தில் வைத்து, சின்ன ஸ்டூலில் குந்தியிருந்து வறுப்பது. மல்லியும் பெருஞ்சீரகமும் முடிந்து செத்தல் மிளகாய் சட்டியில் விழுந்ததும் நெடி மூக்கில் ஏறியது. தும்மித் தும்மிக் கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்க்கிறேன், பக்கத்தில் இரண்டு பைகளை விரித்து வைத்திருக்கிறேன். பெரியது உனக்கு, சின்னது எனக்கு. நீ இறந்து ஒரு வருடமாகப் போகிறது, கை மட்டும் பழையபடி தன் பாட்டில் வேலை செய்திருக்கிறது. என் மனுசன் உள்ளே வந்து பார்த்தார், பைகளைக் கண்டதும் அப்படியே திரும்பிப் போனார்.

எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. ஏனென்றால் பின்னேரம் மெர்சி வருவதாக இருந்தது. உன் மெர்சி!

நமக்கு நடுவில் மெர்சி வருவதற்கு முன்பு எத்தனை நல்ல காலம் இருந்தது, சொல்லு பார்ப்போம். இந்த வெளிநாட்டில் ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே வார்டில் நேர்ஸ் வேலை. ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனையில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருப்போம். நீ கலியாணம் கட்டவில்லை, கிளேட்டனில் ஒரு சின்ன யூனிட்டில் தனியாக இருந்தாய். ஆனால் சாப்பாடு பாதி நாள் மல்கிரேவில், என் குசினியில்தான். ஓய்வு எடுத்த பிறகு இரண்டு பேரும் ஸ்பிரிங்வேல் சந்தைக்குப் போய் மீன் வாங்குவது, மத்தியானம் காலை நீட்டிக்கொண்டு ஊர்க் கதை கதைப்பது என்று நான் மனதுக்குள் பெரிய திட்டமே போட்டிருந்தேன். என் ஓய்வை விட உன் ஓய்வுக்குத்தான் நான் அதிகம் காத்திருந்தேன்.

ஓய்வு எடுத்த கையோடு நீ என்ன செய்தாய்? கோயிலில் சாட்சி சொல்லுகிற நேரம் எழும்பிப் போய் மைக்கைப் பிடித்தாய். மலாவியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குத் தொண்டராகப் போகிறாயாம், ஆண்டவர் கூப்பிட்டாராம். சபை முழுக்க அல்லேலூயா என்றது. சபையோடு சபையாக நானும் அப்போதுதான் கேள்விப்படுகிறேன்! குனிந்து ஹாண்ட்பேக்குக்குள் எதையோ தேடுகிற மாதிரி இருந்துவிட்டு, காருக்குள் ஏறியதும்தான் வாயைத் திறந்தேன்.

"எனக்கு ஏன் முதல்ல சொல்லேல்லை?"

"சொன்னால் நீ விடமாட்டாய்."

"விடமாட்டன்தான்!"

"அதுதான் ஆண்டவரிட்டை முதல் சொன்னனான்," என்று சொல்லிவிட்டு சீட் பெல்ட்டைப் போட்டாய்.

வேறு யாராவது உன்னைக் கூப்பிட்டிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். ஆண்டவரோடு என்னத்தைப் பிடிக்கிறது? வீடு வரும்வரை ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டினேன்.

அதன் பிறகு உன் வாழ்க்கை எனக்கு வாட்ஸ்அப்பில் குரலாகத்தான் வந்தது. விடிய முதல் சேவல், பிறகு உன் இருமல், பிறகு "எடியே, எழும்பிட்டியே?" அங்கே நோயாளியோடு வருகிற சொந்தக்காரர்கள்தான் சமைத்துக் கொடுக்க வேண்டுமாமே. அவர்கள் தங்கிச் சமைப்பதற்கு ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு கொட்டகை. அந்தக் கொட்டகைதான் உன் ஊழியம். காலையில் அடுப்புகளுக்கு நடுவில் நின்று ஜெபம். பிறகு சவுக்காரம் கொடுக்கிறது, பைப்பில் தண்ணீர் வராத நாளில் குழாய்க்கிணற்றடியில் வரிசையில் நிற்கிறது, விறகு நனைந்த வீட்டாருக்கு உன் கரியைக் கொடுக்கிறது, தாய்க்குக் காய்ச்சல் என்றால் பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கிறது. முப்பது வருடம் நேர்ஸாக இருந்தவள் அங்கே போய்ப் பானை கழுவினாய். உன்னை அவர்கள் "அமாய்" என்று கூப்பிட்டார்கள், அம்மா என்று அர்த்தமாம். அதைச் சொல்லும்போது உன் குரலில் இருந்த குழைவை நான் கவனிக்கவில்லை என்று நினைத்தாயா?

எல்லாக் கதையிலும் மெர்சி இருந்தாள். கொட்டகையைக் கூட்டித் துப்பரவாக வைத்திருக்கிற பெண், உன் பக்கத்து வீட்டுக்காரி. மெர்சி சோளமாவில் சீமா கிண்டித் தந்தாள், மெர்சி என் நுளம்பு வலையைத் தைத்துத் தந்தாள், மெர்சி சொன்ன பகிடியைக் கேள். நான் இங்கே உனக்குப் பிட்டு அவித்தால், "காணுமடி, வயிறு பாரம்" என்று பாதியில் கோப்பையைத் தள்ளுவாய். அங்கே சோளமாக் களியை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டதாகச் சொல்கிறாய்! ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"மெர்சி இல்லாமல் உனக்கு ஒரு கதையும் இல்லையே?"

"இருக்கு. பொறு, அவளிட்டையே கேட்டுச் சொல்லுறன்," என்று சிரித்தாய்.

நான் போனை வைத்துவிட்டுப் போய், வெட்டத் தேவையில்லாத வெங்காயத்தை வெட்டினேன்.

தூள் விஷயம் அதைவிட மோசம். உனக்கு வாய் செத்துப் போகும் என்று, அந்தப் பக்கம் போகிற சபை ஆட்கள் ஒவ்வொருவர் கையையும் காலையும் பிடித்து நான் தூள் கொடுத்து விடுவேன். நீயோ அதைக் கொட்டகைக்குக் கொண்டுபோய் எல்லாருடைய பீன்ஸ் பானையிலும் போட்டாய். "நான் உனக்கெல்லோ வறுத்தனான்!" என்று கத்தினேன். "எடியே, நான் தனியச் சாப்பிட்டால் எனக்கு இறங்குமே?" என்றாய். அடுத்த முறை கோபத்தில் அனுப்பாமல் விட நினைத்தேன். நினைத்ததோடு சரி, இன்னும் பெரிய பையாகத்தான் போனது.

லீவில் வந்தபோதாவது என்னோடு இருந்தாயா? பூப் போட்ட அந்த ஊர்த் துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு என் ஹோலில், நிலத்தில், சுவரில் முதுகைச் சாய்த்து இருந்தாய். "கதிரை இருக்கேக்கை ஏன் நிலத்தில இருக்கிறாய்?" என்றால், "பழகிப் போச்சு" என்றாய். யன்னலால் பார்த்து, "அங்க இப்ப மழை தொடங்கியிருக்கும்" என்றாய். என் வீட்டில் நீ விருந்தாளியாகிவிட்டாய் என்று எனக்கு அன்றுதான் விளங்கியது.

பிறகு அந்தச் செய்தி வந்தது. காலை ஜெபம் முடிந்து கொட்டகையிலேயே சரிந்துவிட்டாயாம். இதயம். அங்கேயே அடக்கம் செய்ய வேண்டும் என்று போதகரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தாயாம். என்னிடம் சொல்லவில்லை. கடைசியில் உன் உடம்பைக் கூட அவர்களுக்குத்தான் கொடுத்தாய்!

உன் செத்தவீட்டை ஐபாடில் பார்த்தேன், தெரியுமா? உன் சின்ன வீட்டுக்குள் பாய் விரித்து, பெட்டியைச் சுற்றிப் பெண்கள் நெருக்கி இருந்தார்கள். உன் தலைமாட்டில் மெர்சி, தலையில் துணி கட்டி, கையைப் பெட்டியில் வைத்தபடி. வருகிறவர்கள் எல்லாரும் குனிந்து அவளுடைய கையைத்தான் பிடித்தார்கள். உனக்கு இவள் யார்? உனக்கு அப்பெண்டிக்ஸ் வெட்டினபோது பக்கத்தில் இருந்தவள் நான். உன் அம்மா ஊரில் கண்ணை மூடினபோது உன்னைப் பிடித்துக்கொண்டு படுத்தவள் நான். அது என்னுடைய இடம். படம் திடீரென்று நின்றதும், "நெட் போட்டுது போல" என்றார் இவர். நெட் போகவில்லை. நான்தான் அணைத்தேன்.

அந்த மெர்சிதான் நேற்று வந்தாள். இங்கே ஒரு சபை தங்கள் கூட்டத்துக்கு அவளை அழைத்திருந்தது. "அன்ரி, அவ உங்களைத்தான் முதல் பார்க்க வேணுமெண்டு நிக்கிறா" என்று நம் போதகர் போன் பண்ணினார். சரி, தேத்தண்ணி, பிஸ்கட், அரை மணித்தியாலம் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

பெரிய உருவம், யாரோ கொடுத்த குளிர் ஜாக்கெட், கீழே அதே பூப் போட்ட துணி. வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினாள். உள்ளே வந்து சோபாவைத் திரும்பியும் பார்க்காமல் சுவரோரம் நிலத்தில் இருந்துகொண்டு காலை நீட்டினாள். நீ இருந்த அதே இடம். தேத்தண்ணித் தட்டோடு நின்ற நான், "கதிரை இருக்கு" என்றேன். தலையை ஆட்டிவிட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்தாள்.

பிறகு சொன்னாள். அவள் சொன்னது ஆங்கிலத்தில். எனக்குள் அது நம் தமிழில்தான் கேட்டது.

"எங்கட ஊரில செத்தவீட்டில சொந்தக்காரி கிட்ட இருக்க வேணும். அமாய்ட சொந்தம் நீங்கள், நீங்கள் தூரத்தில. அந்த இடத்தை வெறுமையா விடேலாது. அதால உங்களுக்குப் பதிலாத்தான் நான் இருந்தனான். இப்ப உங்களோட இருக்க வந்தனான். இதுதான் இன்னும் செத்தவீடு முடியாத வீடு."

தட்டை எங்கே வைத்தேன் என்று ஞாபகம் இல்லை. நிலத்தில் இருக்க என் முழங்கால் மடங்காது என்பது உனக்குத் தெரியும். சுவரைப் பிடித்துப் பிடித்து அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். அவள் என் கையைப் பிடித்தாள், உன் பெட்டியில் வைத்திருந்த கை. அப்போதுதான், ஒரு வருடம் கழித்து, உனக்காக நான் வாய்விட்டு அழுதேன். இவர் குசினிக் கதவடியில் நின்று தானும் அழுதார்.

அழுது முடிந்தும் என் குணம் மாறவில்லை. மனதை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன்: "என்னைப் பற்றி அவ என்ன சொல்லுறவ?"

மெர்சி சிரித்தாள். "நீங்கள் எங்களில பொறாமை எண்டு சொன்னவ."

எனக்கு முகம் சுட்டது.

"உங்கட தூள் வாற நேரமெல்லாம் கொட்டகையில எல்லாருக்கும் சொல்லுவா. 'இதை வறுத்தவள் இப்ப அங்க எங்களை நினைச்சு வயிறெரிஞ்சு கொண்டிருப்பாள்' எண்டு. மற்றப் பெண்டுகள் புருசன் பிள்ளையைப் பற்றிப் பெருமை அடிச்சால், அமாய் உங்கட பொறாமையைச் சொல்லிப் பெருமை அடிப்பா. 'எனக்காக எரியிறதுக்கு ஒருத்தி இருக்கிறாள்' எண்டு."

எடியே கள்ளி! தெரிந்துகொண்டுதான் ஒவ்வொரு மெசேஜிலும் மெர்சி, மெர்சி என்று எண்ணெய் ஊற்றினாயா? நான் வெங்காயம் வெட்டினது, ரேடியோவைக் கூட்டினது, எல்லாம் உனக்கு விளங்கியதா? நீ இந்த நிமிடம் கையில் கிடைத்தால் நுள்ளி எடுத்துவிடுவேன். எனக்கு அவ்வளவு சந்தோசம்.

போகிற நேரம் மெர்சி கொட்டகைக்குக் கொஞ்சம் தூள் கேட்டாள். கராஜில் இரண்டு பையும் இருந்தன. பெரியதைத் தூக்கினேன், திரும்ப வைத்தேன். சின்னதை, என்னுடையதை, அப்படியே கொடுத்தேன். இந்தக் குளிர்காலம் முழுக்க எனக்கும் இவருக்கும் கடைத் தூள்தான். உன்னுடையது ஃப்ரீசரில் அடியில் இருக்கிறது, யாரும் தொடக் கூடாது என்று சொல்லியாயிற்று.

இன்று ஆராதனையில் நம் வாங்கில் நீ இருக்கிற இடத்தில் ஹாண்ட்பேக்கை வைத்துவிட்டு இருந்தேன், ஒருவரும் வந்து இருந்துவிடாமல். பரலோகத்தைப் பற்றித்தான் பிரசங்கம். எனக்கு ஒரே யோசனை, நீ அங்கே புதிதாக யாரைப் பிடித்து வைத்திருக்கிறாயோ என்று. பிடித்திருந்தால் அவளிடமும் சொல்லி வை, மல்கிரேவில் ஒருத்தி எரிந்துகொண்டிருக்கிறாள் என்று.