அம்மாவின் தோளில் சிவப்புச் சிலுவை

ரொறன்ரோ

அன்பு மகள் ஏஞ்சலாவுக்கு,

நீயும் பிரியந்தனும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே நானும் உன் தம்பி மாக்கஸும் சுகம் என்று எழுதத்தான் வேண்டும், மனம் வரவில்லை. எட்டு மாத வயிற்றோடு மெல்பேணிலிருந்து விமானம் ஏற டொக்டர் விடவில்லை, அதற்காக அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லையே என்று உன்னை நீயே நோகாதே பிள்ளை. அடக்கத்தன்று நடந்ததைப் போனில் சொல்ல எனக்கு வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மா வேலை செய்த முதியோர் இல்லத்திலிருந்து மிஸ் லெஸ்லி என்ற வெள்ளைக்கார அம்மையாரைச் சக்கர நாற்காலியில் கூட்டிவந்தார்கள். தொண்ணூறு தாண்டிய வயது. கொரியப் போரில் காயப்பட்ட சிப்பாய்களைப் பராமரித்த நேர்சாம். அப்படிப்பட்ட பெண்களுக்கு விக்டோரியா மகாராணி காலத்திலிருந்து அரண்மனை கொடுக்கும் சிவப்புச் சிலுவைப் பதக்கம் அவருக்கும் கிடைத்ததாம். கருநீல நாடாவோடு அதைக் கொண்டுவந்து, பெட்டியில் கிடந்த அம்மாவைக் காட்டி, றோஸ்மேரியின் தோளில் குத்திவிடுங்கள் என்றார். மாக்கஸுக்குக் கோபம் வந்துவிட்டது, உது அரண்மனைப் பதக்கம், அம்மாவுக்கு என்னத்துக்கு என்றான். அப்போதுதான் அவர் எங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார். மரியோ மாமா ஆமிக்காரரின் சூடுபட்டுச் செத்த அதே மாதம், அம்மா வேலை பார்த்த ஊர் ஆஸ்பத்திரிக்கு வயிறு கிழிந்த சிங்களச் சிப்பாய் ஒருவனைக் கொண்டுவந்தார்களாம். ஒருவரும் கிட்டப் போகவில்லை. அம்மாதான் விடியும்வரை கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாளாம். அவன் சிங்களத்தில் அம்மே, அம்மே என்று கூப்பிடக் கூப்பிட இவள் பதில் சொன்னாளாம். ஓம் ராசா, நான் இஞ்சதான் நிக்கிறன் என்றுதான் சொல்லியிருப்பாள், அவள் குரல் எனக்குத் தெரியாதா. தம்பியைப் புதைத்த கையால் இதைச் செய்தேன் என்று வீட்டில் எப்படிச் சொல்வது என்று மிஸ் லெஸ்லியிடம் அழுதாளாம். இவ்வளவு வருடம் பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியவில்லை பிள்ளை.

இது உங்களுக்குக் கிடைத்ததல்லவா என்று கேட்டேன். எனக்குத் தர ஒரு மகாராணி இருந்தார், றோஸ்மேரிக்கு யார் இருந்தது என்றார். அவருடைய வயதான கைக்கு ஊசி ஏறவில்லை. மாக்கஸ்தான் முழங்காலில் நின்று அந்தக் கையைத் தாங்கிப் பிடித்துக் குத்துவித்தான். அதுவரை அழாத பிள்ளை அப்போதுதான் வாய்விட்டு அழுதான். பெட்டி மூடும்போதும் கழற்ற அவன் விடவில்லை, அம்மா அதோடேயே போய்விட்டாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, இரும்புக் குளிசையை மறக்காதே. முப்பத்தோராம் நாள் பூசை இங்கே நடக்கும்போது நீ அங்கே ஒரு மெழுகுதிரி கொளுத்து. ஆண்டவர் சுகமாய்ப் பிள்ளை பெறவைத்து உங்கள் இருவரையும் காப்பார். சனிக்கிழமைகளில் அம்மாதான் உன்னோடு கதைப்பாள், நான் பக்கத்தில் நின்று கேட்பேன். அப்பாவுக்குக் கதைக்கத் தெரியாதே என்று போன் எடுக்காமல் விட்டுவிடாதே.

உன் அன்பு அப்பா
அன்புராசா