கணுக்காலில் கட்டியது

செப்டம்பர் 5, செவ்வாய்

இன்று துப்பாக்கியை இடுப்பிலிருந்து காலுக்கு இறக்கினேன். காரணம் டெல்லா. நேற்று விடுமுறை, கொல்லையில் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தேன். பேத்தி ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "தாத்தா, இங்க என்ன கட்டி?" என்று கேட்டாள். ஆறு வயது. என் மகள் கரீன் முகம் செத்துப்போய்விட்டது. மூன்று மாதமாகத்தான் அவளும் குழந்தையும் என்னோடு இருக்கிறார்கள். துப்பாக்கியைக் கண்டாலே அவளுக்குப் புருஷன் ட்ராய் ஞாபகம்.

"அப்பா, அது அவ கைக்கு எட்டாத எடத்துல இருக்கணும்" என்றாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. ட்ராய் என்றைக்கு வந்து நிற்பான் என்று அவளுக்கும் தெரியாது.

துப்பாக்கிக் கடை ஹோபர்ட், துப்பாக்கியைக் கணுக்காலில் கட்டும் உறை ஒன்றை எடுத்துப் போட்டான். வலதுகைக்காரன் இடது காலின் உள்பக்கம் கட்ட வேண்டுமாம். "வண்டி ஓட்டுறவனுக்கு இதவிட நல்லது கெடையாது லைல். உக்காந்தபடியே கைக்கு வரும். உன் தொப்பைக்கும் இடைஞ்சல் இல்ல" என்றான். தொப்பையைப் பற்றி நான் கேட்கவே இல்லை.

செப்டம்பர் 7, வியாழன்

நான் ஓட்டும் சமையல் கேஸ் லாரியில் கிளட்ச் மிதிப்பது இடது கால் என்பதை ஹோபர்ட்டும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. பதினோரு வீட்டுக் கேஸ் தொட்டிகளை நிரப்பிவிட்டு வருவதற்குள் கணுக்கால் தக்காளி நிறத்தில் இருந்தது.

செப்டம்பர் 16, சனி

கரீனும் குழந்தையும் கடைக்குப் போன நேரத்தில் குண்டுகளை எடுத்துவிட்டு, படுக்கையறையில் பயிற்சி. சமையலறைக் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் இரண்டு விநாடி. பரவாயில்லை. நின்றுகொண்டிருந்தால் கதை வேறு. இடது கையால் பேன்ட்டைத் தூக்க வேண்டும், முட்டி போட வேண்டும், பட்டையை அவிழ்க்க வேண்டும், உருவ வேண்டும். ஐந்து விநாடிக்குக் குறையவே இல்லை. நாலாவது தடவை முட்டி மடங்கி, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஐம்பத்தொன்பது வயது. இடுப்பில் இருந்தபோது ஒன்றரை விநாடி.

ஐந்து விநாடியில் ட்ராய் என்னென்ன செய்துவிடுவான்? ஜூன் மாதம் அவன் செய்ததற்கு இரண்டு விநாடிகூட ஆகவில்லை.

செப்டம்பர் 24, ஞாயிறு

நல்லதையும் எழுதிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. தேவாலயத்தில் கட்டிப்பிடிக்காமல் யாரும் விடுவதில்லை. இடுப்பில் இருந்தவரை ஒவ்வொரு கிழவியின் கையும் அதில் பட்டு, ஒவ்வொருத்தியும் எனக்காக ஒரு மாதிரி ஜெபம் செய்வாள். இன்று ஒருவருக்கும் தெரியவில்லை. கரீனுக்கும் தெரியவில்லை. டெல்லா மடியில் ஏறி உட்கார்ந்து தூங்கினாள், எங்கேயும் குத்தவில்லை. இந்த வெயிலில் அதை மறைக்க ஒரு கோட்டு மாட்டிக்கொண்டு அலைய வேண்டாம்.

கெட்டது: தூசி. தொட்டிப் பக்கத்தில் புல் முள்ளெல்லாம் உறையில் ஒட்டிக்கொள்கிறது. தினமும் துடைக்கிறேன். லாரி ஏணியில் ஏறும்போது பேன்ட் மேலே போகிறது. கால்மேல் கால் போட முடியாது. பழைய அகலக்கால் பேன்ட் இரண்டுதான் இருக்கின்றன, மாற்றி மாற்றி அதையே போடுகிறேன். கரீன், "என்னப்பா, பழைய ஃபேஷன் திரும்பிடுச்சா?" என்று கேட்டாள். மூன்று மாதத்தில் அவள் செய்த முதல் கேலி. சிரித்துவிட்டு லாரிக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 6, வெள்ளி

வக்கீல் ஓர்டீஸ் அம்மாவைப் பார்த்தோம். விசாரணை நவம்பர் 14. இப்போது இருப்பது தற்காலிகப் பாதுகாப்பு ஆணை. அது இருக்கும்வரை ட்ராய் எங்கள் வீட்டுப் பக்கம் வரக்கூடாது, குழந்தையைத் தனியாகப் பார்க்கக்கூடாது, துப்பாக்கிகளையெல்லாம் ஷெரீஃபின் போலீஸ் அலுவலகத்தில் கொடுத்துவைத்திருக்க வேண்டும். கொடுத்துவைத்திருக்கிறான். நீதிபதி அதை இரண்டு வருஷத்துக்கு நீட்டினால் நாங்கள் மூச்சு விடலாம். நீட்டாவிட்டால் எல்லாம் பழையபடி. வார இறுதியில் டெல்லா அவனோடு.

"கரீன் கை தானா கதவுல மாட்டிக்கிச்சுன்னு அவரு சொல்றாரு. அவரு வேணும்னே கதவ அறைஞ்சத நீங்க ஒருத்தர்தான் பாத்திருக்கீங்க மிஸ்டர் லைல். உங்க வாய்தான் இந்தக் கேஸு" என்றார் வக்கீலம்மா.

பார்த்தேன். ஜன்னல் வழியே பார்த்தேன். அவன் கதவைச் சாத்தினான், பிறகு அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டே தோளால் இன்னொரு தடவை அழுத்தினான். இதைச் சொல்ல எனக்கு என்ன பயம்?

அக்டோபர் 19, வியாழன்

தீவனக் கடை வாசலில் ட்ராய். ஆணை வீட்டுக்குத்தான், தீவனக் கடைக்கு இல்லை.

மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறேன், என் லாரிக் கதவில் சாய்ந்துகொண்டு நிற்கிறான். கை நீட்டினால் தொடும் தூரம்.

"என்ன மாமா, என் பொண்ணு எப்படியிருக்கா?"

"நகரு."

"கேட்டா பதில் சொல்ல மாட்டீங்களா? கோர்ட்டுல மட்டும்தான் வாயத் தொறப்பீங்களோ?"

மூட்டையைக் கீழே போட்டேன். போட்ட பிறகுதான் புத்தியில் உறைத்தது. எனக்கு வேண்டியது காலில் இருக்கிறது. எடுக்க வேண்டுமானால் இவன் முன்னால் நான் மண்டி போட வேண்டும். இவன் முன்னால்! குனிந்த தலையில் அவன் முட்டி ஒரு இடி இடித்தால் போதும். குனியவில்லை. நிமிர்ந்தே நின்றேன், இடது கால் மட்டும் வெடவெடவென்று ஆடியது. அதை அவன் பார்த்துவிட்டான்.

"கால் வலியா மாமா? வயசாயிடுச்சு, பாத்து" என்று சொல்லிவிட்டு, மூட்டையை அவனே தூக்கி லாரியில் வைத்துவிட்டுப் போனான். கடைக்காரர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணுக்கு எவ்வளவு நல்ல மருமகன்.

அக்டோபர் 20, வெள்ளி

கரீனிடம் சொல்லவில்லை. இடுப்புக்கே மாற்றிவிடலாமா? டெல்லா இருக்கிறாளே. மாற்றவில்லை.

நவம்பர் 5, ஞாயிறு

மதியம் சாப்பிட்டுவிட்டு சோபாவில் தூங்கி எழுந்து, குளிக்கப் போய், தண்ணீருக்கு அடியில் நின்ற பிறகுதான் காலில் அது இருப்பது தெரிந்தது. ஹோபர்ட்டிடம் சொன்னேன். "அப்பாடா, பழகிட்டே. இனிமே அது உன் ஒடம்புல ஒண்ணு" என்று தோளில் தட்டினான். துப்பாக்கியைப் பிரித்து எண்ணெய் போட்டுக் கொடுத்தான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

நவம்பர் 13, திங்கள்

நாளை. கரீன் என் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டாள், இரண்டு தடவை. அவளுடைய சுண்டுவிரல் இன்னும் நேராகவில்லை, அதனால் இஸ்திரிப் பெட்டியை ஒரு மாதிரி பிடிக்கிறாள். வக்கீலம்மா போனில் சொன்னவை: நேரத்துக்கு வாங்க, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, கோபப்படாதீங்க, பாக்கெட் கத்தியெல்லாம் வண்டியிலேயே விட்டுடுங்க. எல்லாவற்றுக்கும் சரி சரி என்றேன்.

சொல்ல வேண்டியதைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். குரல் நடுங்கவில்லை.

நவம்பர் 15, புதன்

எழுதித்தான் ஆக வேண்டும்.

நேற்றுக் காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். குளித்தேன். சட்டை, பேன்ட், காலுறை, பிறகு கை தானாக எடுத்துக் கட்டியது, பிறகு ஷூ. கட்டியது நினைவில்கூட இல்லை. ஷூ நாடாவைக் கட்டுகிறவன் நினைத்துக்கொண்டா கட்டுகிறான்?

நீதிமன்ற வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, பாக்கெட் கத்தியை எடுத்து டாஷ்போர்டுக்குள் வைத்தேன். "பாத்தியா, மறக்கல" என்று கரீனிடம் பெருமையடித்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அடிபடாத கையால்.

உள்ளே உலோகச் சோதனை வாசல் அருகில் ஷெரீஃப் ஆபீஸ் டெபுட்டி கென்னி. அவன் வீட்டுத் தொட்டியை நான்தான் நிரப்புகிறேன். வாசலுக்குள் நடந்தேன், கருவி கத்தியது. "பெல்ட்டா இருக்கும் சார், கழட்டிடுங்க" என்றான். கழற்றினேன். மறுபடி கத்தியது. "முட்டில ஏதும் ஆபரேஷன் பண்ணி வச்சிருக்காங்களா சார்?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். கைக்கருவியைத் தோளிலிருந்து கீழே இறக்கிக்கொண்டே வந்தான். கணுக்காலில் அது அலறியது.

அப்போதும் எனக்குப் புரியவில்லை. அவன் முகத்தைப் பார்த்துத்தான் புரிந்தது.

"சார்... அசையாதீங்க. கைய மேல வைங்க சார்."

"கென்னி, மறந்துட்டேன்பா. சத்தியமா மறந்துட்டேன்."

"தெரியும் சார். கைய மேல வைங்க."

வரிசையில் எனக்குப் பின்னால் ஆறேழு பேர். ட்ராயும் அவன் வக்கீலும் மூன்றாவதாக. அவன் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். கரீன், "அப்பா, என்னப்பா பண்ணிட்டீங்க" என்றாள், மெதுவாக, நான் ஏதோ தட்டைக் கீழே போட்டு உடைத்துவிட்ட மாதிரி. கையில் விலங்கு மாட்டிப் பக்கத்துக் கட்டடத்துச் சிறைக்குக் கூட்டிப்போனார்கள். நீதிமன்றத்துக்குள் துப்பாக்கி கொண்டுபோவது பெரிய குற்றம். மறந்துவிட்டேன் என்றால் விடுவதற்குச் சட்டம் என்ன என் மாமனாரா?

ராத்திரி ஜாமீனில் வெளியே வந்த பிறகுதான் மற்றது தெரிந்தது. நான் உள்ளே விரல்ரேகை வைத்துக்கொண்டிருந்தபோது, இருநூறு அடி தள்ளி கரீன் தனியாக நின்று பேசினாள். சாட்சி எங்கே என்று நீதிபதி கேட்டாராம். வேறு நாள் கொடுங்கள் என்று ஓர்டீஸ் அம்மா கெஞ்சியிருக்கிறார். அதற்கு ட்ராயின் வக்கீல், "கோர்ட்டுக்கே மறைச்சுவச்சு துப்பாக்கி கொண்டு வர்ற மனுஷன் வீட்டுலதான் அந்தக் குழந்த வளருது. ஆபத்து யாராலன்னு நீதிபதியே பாத்துக்கட்டும்" என்றானாம்.

நான்தான் கேஸ் என்று சொன்னார்கள். ஆமாம், நானேதான்.

நவம்பர் 17, வெள்ளி

தீர்ப்பு வந்துவிட்டது. ஆணை நீட்டப்படவில்லை. ஒன்றுவிட்டு ஒரு வார இறுதி டெல்லா ட்ராயிடம், துணைக்கு ஆள் கிடையாது. அவன் துப்பாக்கிகள் அவனுக்கே. என்னுடையது ஷெரீஃபிடம். என் வழக்கு முடியும்வரை நான் எதையும் தொடக்கூடாது, குழந்தை இருக்கும் வீட்டில் நான் இருக்கவும் கூடாது.

வெளியேற வேண்டியது அவர்கள் இல்லை, நான். அதுவரைக்கும் சந்தோஷம் என்று வைத்துக்கொள்.

கரீன் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "நான்தான் ட்ராய் கைய ஒடச்சேன்னு யார் சொல்லியிருந்தாலும் அன்னிக்குக் கோர்ட்டுல நம்பியிருப்பாங்கப்பா" என்று மட்டும் சொன்னாள். துணிகளை மடித்து என் பெட்டியில் அவளே வைத்தாள்.

நவம்பர் 23, வியாழன்

தேங்க்ஸ்கிவிங், நன்றி சொல்லும் பண்டிகை. ஹோபர்ட் கடைக்குப் பின்னால் படுக்கை வைத்த அவனுடைய பழைய கேம்பர் வண்டியில் இருக்கிறேன். கரீன் தாளில் சுற்றி வான்கோழி இறைச்சியும் இனிப்புப் பூசணிப் பலகாரமும் கொடுத்துவிட்டிருந்தாள். ஹோபர்ட் வாசலில் நின்று தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே, "நான்தான் அந்த உறையக் குடுத்தேன்" என்றான். நீ கொடுத்தாய், நான் கட்டினேன், போய் உன் பெண்டாட்டியோடு சாப்பிடு என்றேன். போகவில்லை. இரண்டு பேரும் பூசணிப் பலகாரத்தைத் தின்றோம்.

இடது கணுக்காலைச் சுற்றி முடி உதிர்ந்து ஒரு வளையம். அந்த இடம் லேசாக இருக்கிறது. நடக்கும்போது கால் ஏமாந்து கொஞ்சம் அதிகமாக உயர்கிறது.

டிசம்பர் 1, வெள்ளி

மாலை ஆறு மணிக்கு டெல்லாவை ட்ராயிடம் ஒப்படைக்க வேண்டும். மளிகைக் கடை வாகன நிறுத்துமிடத்தில். நான் அங்கே போகக்கூடாது. போகவில்லை. ஆறு மணி ஐந்து நிமிடத்துக்குக் கரீன் செய்தி அனுப்பினாள்: போயிட்டா.

டிசம்பர் 2, சனி

ஒன்றும் இல்லை. போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

டிசம்பர் 3, ஞாயிறு

மாலை ஏழேகாலுக்குப் போன் அடித்தது. டெல்லா. ஆறு மணிக்குக் கொண்டுவர வேண்டியவன் ஏழுக்குக் கொண்டுவந்தானாம். ஆனாலும் கொண்டுவந்துவிட்டான். முழுசாகத்தான் இருக்கிறாள். அப்பா வீட்டு நாய்க்குட்டி பற்றிச் சொன்னாள், பெரிய டிவி பற்றிச் சொன்னாள். நான் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"தாத்தா, அப்பாவும் இப்ப உங்கள மாதிரியே கால்ல கட்டியிருக்காரு."

"என்னது கண்ணு?"

"துப்பாக்கி. என்ன அம்மாகிட்ட விட வரும்போதெல்லாம் இனிமே கட்டிக்குவேன்னு சொன்னாரு."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"உங்க கால்ல இருக்கிறது எனக்கு எப்பவோ தெரியும். மேசைக்கு அடியில வெளையாடும்போது பாத்தேன். தொட்டுகூடப் பாத்திருக்கேன், நீங்க தூங்கும்போது. யாருகிட்டயும் சொல்லல தாத்தா."

நல்ல பிள்ளை என்றேன். அம்மாவிடம் போனைக் கொடு என்றேன். கரீன் குளித்துக்கொண்டிருக்கிறாளாம். சரி, அவள் வரும்வரை நான் லைனிலேயே இருக்கிறேன், நாய்க்குட்டிக்கு என்ன பேர் வைத்தாய் என்று கேட்டேன். இன்னும் வைக்கவில்லையாம்.